இடுப்பளவுப் பருத்தி

காளிச்சாமிக்குப் பருத்தி என்றால் அது ஆளை மறைக்க வேண்டும். எருத்தேம்பதிக்குக் கிழக்கே, கேரளத்துக்குள், தமிழ்நாட்டு எல்லையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தது அவருடைய கரிசல் காடு. முதலமடைப் பக்கம் போனால் கண்ணுக்கு எட்டிய மட்டும் மாந்தோப்பு. இங்கே மண் கறுத்து, மழை பெய்துவிட்டால் வைத்த காலை விடாது. அந்த மண்ணில் அடியுரம் தாராளமாகப் போட்டு, மேலுரமும் கொடுத்து, வருடா வருடம் அவர் செடியைத் தோள் உயரத்துக்கு ஏற்றிவிடுவார். சாலையில் போகிறவர்கள் வண்டியை நிறுத்திப் பார்த்துவிட்டுப் போவார்கள். அதில் அவருக்கு ஒரு பெருமை. அவர் மனைவி ராசம்மாளுக்கும் இருந்தது.

அந்த வருடம் ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் மழை விடவில்லை. செடிகள் தோளையும் தாண்டின. நான்கடி விட்டு நட்ட வரிசைகள் கிளை கோத்துக்கொண்டன. எந்த வரிசை எங்கே போகிறது என்று தெரியவில்லை. மேலே பூவும் இலையுமாகச் செழித்திருந்தது. கீழே வெயில் படாத காய்கள் கறுத்து, வெடிக்காமலே அழுகின. மார்கழியில் பருத்தி எடுக்க வந்த பெண்கள் வரப்பிலேயே நின்றுகொண்டு, எப்படி உள்ளே போவது என்று கேட்டார்கள். கோபாலபுரத்துக்கு அந்தப் பக்கமிருந்து வருகிற கூட்டம் அது. அழகுத்தாய் என்பவள்தான் ஆட்களைச் சேர்த்து அழைத்து வருவாள். அவள் எதற்கும் சுலபத்தில் பின்வாங்குகிறவள் இல்லை. அன்றைக்கு அவளே, காலடியில் என்ன கிடக்கிறது என்று தெரியாமல் எப்படிக் கையை விடுவது என்றாள்.

காளிச்சாமி சிரித்தார். கையில் ஒரு கம்பை எடுத்துக்கொண்டு, தான் முன்னால் போய்க் கிளைகளை விலக்கி விடுவதாகவும், அவர்கள் பின்னால் வந்தால் போதும் என்றும் சொன்னார். அப்படியே முதல் வரிசை போனது. அடுத்ததும் போனது. பெண்களுக்கும் பயம் தெளிந்து, பேச்சும் சிரிப்புமாக வேலை நடந்தது. சாப்பாட்டு நேரத்துக்குச் சற்று முன்னால் அவர் கீழே குனிந்து ஒரு தாழ்ந்த கிளையைத் தூக்கினார்.

ராசம்மாள் வரப்பில் தண்ணீர்க் குடத்தோடு நின்றிருந்தாள். செடிகளை ஒதுக்கிக்கொண்டு அவர் வெளியே வந்தார். ஓடி வரவில்லை, நடந்துதான் வந்தார். இடது மணிக்கட்டை வலது கையால் பிடித்திருந்தார்.

"விரியன், புள்ள. பொம்பளைங்கள மொதல்ல வெளிய வரச் சொல்லு" என்றார்.

அவருடைய தம்பி மோகனசுந்தரம் பக்கத்துக் காட்டிலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு வந்தான். நடுவில் அண்ணனை உட்காரவைத்து, பின்னால் ராசம்மாள் அவரைத் தாங்கிக்கொள்ள, கோபாலபுரம் சோதனைச்சாவடியைத் தாண்டிப் பொள்ளாச்சிக்கு விட்டான். ஊசி போட்டார்கள். கை தோள்வரை வீங்கியது. அங்கிருந்து கோயம்புத்தூருக்குக் கொண்டுபோனார்கள். விஷத்தை முறித்துவிட்டார்கள், ஆனால் அதற்குள் சிறுநீரகம் நின்றுபோயிருந்தது. தை பிறந்து பொங்கல் முடிந்த கையோடு அவரும் முடிந்துபோனார்.

காட்டில் பாதிப் பருத்தி எடுக்காமல் நின்றது. அதற்குள் யாரும் இறங்கவில்லை. யாரையும் இறங்கச் சொல்ல ராசம்மாளுக்கு நாக்கு எழவில்லை. வெடித்த பருத்தி சுளை சுளையாகத் தொங்கி, காற்றில் உதிர்ந்து, பனியில் நனைந்து சாம்பல் நிறமானது. அவர்களுடைய வீடு காட்டுக்கு நடுவிலேயே இருந்தது. வாசலைத் திறந்தால் அந்தச் செடிகள்தான். சாலைக்குப் போகிற தடமும் அதன் ஓரமாகத்தான் போகிறது. ராசம்மாள் தடத்தின் அந்தக் கோடிக்கு ஒதுங்கி, செடிப் பக்கம் பார்க்காமல் நடந்து பழகினாள். இரவில் காய்ந்த இலை சரசரத்தால் எழுந்து உட்கார்ந்துகொள்வாள். மாசியில் மோகனசுந்தரம் ஆட்டுக் கிடையை விட்டு மேய்த்து, டிராக்டரால் காய்ந்த செடித் தட்டைகளைப் பிடுங்கிப் போட்டு எரித்தான். அன்றைக்குத்தான் அவள் வாசலில் உட்கார்ந்து வயிறு நிறையச் சாப்பிட்டாள்.

மகள் தமிழ்ப்ரியா கோயம்புத்தூரில் ஒரு மருந்துக் கம்பெனியில் வேலை பார்த்தாள். தன்னோடு வந்துவிடச் சொல்லி நச்சரித்தாள். மோகனசுந்தரம் தென்னங்கன்று வைத்துவிடலாம் என்றான். தானே பார்த்துக்கொள்வதாகவும், அண்ணி வெயிலில் இறங்கத் தேவையில்லை என்றும் சொன்னான். இரண்டு பேர் சொன்னதிலும் தப்பில்லை. ஆனால் ராசம்மாளுக்கு ஒன்று உள்ளே உறுத்திக்கொண்டே இருந்தது. இப்போது தென்னை வைத்துவிட்டால், அல்லது ஊரை விட்டே போய்விட்டால், சொந்தக் காட்டுக்குப் பயந்துதான் போனதாக ஆகும். பிறகு சாகும்வரை அந்தப் பயம் கூடவே இருக்கும். இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. மறுபடி பருத்திதான் போடுவேன் என்று மட்டும் சொன்னாள்.

துக்கம் கேட்க வந்திருந்தபோது அழகுத்தாய் ஒரு விஷயம் சொல்லியிருந்தாள். பொள்ளாச்சியைத் தாண்டி ஒரு காட்டில், செடியை இடுப்புக்கு மேல் ஏறவிடாமல் மருந்தடித்து நிறுத்துகிறார்களாம். ராசம்மாள் சித்திரையில் பஸ் ஏறி அந்தக் காட்டைத் தேடிப் போனாள். அதற்குச் சொந்தக்காரர் அர்த்தநாரி என்ற வயதானவர். அப்போது காட்டில் செடி இல்லை; தட்டைகள் மட்டும் அடுக்கி வைத்திருந்தார். ஒன்றை உருவிக் காட்டினார். கணுவும் கணுவும் நெருங்கி, கட்டை குட்டையாக, ஆனால் கீழிருந்து நுனிவரை காய் பிடித்த தடம் இருந்தது. செடி மேலே ஓடுகிற வேகத்தை இந்த மருந்து குறைத்துவிடும், அந்தச் சத்து காய்க்குப் போகும் என்றார். செடி குட்டையாக இருப்பதால் வரிசையையும் நெருக்கிப் போடலாம். மருந்தின் பெயரை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டு, சப்பை கட்டுவதற்கு முன்னால் அடித்துவிடாதே என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பூவாக மலரப் போகிற மொட்டைத்தான் சப்பை என்பார்கள். அது வந்த பிறகுதான் செடி தன் உயரத்தைத் தீர்மானிக்கும்.

ஆவணியில் விதைத்தாள். விதைத்த செடி முழங்காலுக்கு வந்தது. ஒரு மழை பெய்தது. மறுநாள் இன்னும் நான்கு விரல் உயர்ந்திருந்தது. ராசம்மாளால் பொறுக்க முடியவில்லை. சப்பை கண்ணில் படவே இல்லை. அதற்குள் மருந்தை வாங்கி வந்து, சொன்ன அளவுக்கு மேலே கலந்து, ஆள் வைத்து அடித்துவிட்டாள். அதற்குப் பிறகு மழை ஓடிப்போனது. புரட்டாசி முழுவதும் வானம் வெளுத்துக் கிடந்தது. கிணற்றில் இருந்த தண்ணீர் மாட்டுக்கும் வீட்டுக்குமே சரியாக இருந்தது. செடிகள் அப்படியே உட்கார்ந்துவிட்டன. இலைகள் சிறுத்து, தடித்து, கரும்பச்சையாக இருந்தன. கிளை ஓடவில்லை. ஒரு செடிக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய காய்கள்தான் பிடித்தன.

மோகனசுந்தரம் வரப்பில் நின்று பார்த்துவிட்டுத் தன் காட்டுக்குப் போனான். ஊரில் மற்றவர்கள் பேசினார்கள். அவ்வளவு பெரிய செடி வளர்த்தவன் காட்டில் கீரைப் பாத்தி போட்டிருக்கிறாள் என்று யாரோ சொன்னது அவள் காதுக்கும் வந்தது.

ஆனால் அந்த மார்கழியில், ஒரு காலை, ராசம்மாள் காட்டுக்குள் இறங்கினாள். செடி முழங்காலுக்குக் கொஞ்சம் மேலேதான். ஒவ்வொரு செடியின் அடியும் தெரிந்தது. நின்று பார்த்தாள், அடுத்த அடி வைத்தாள். முதல் காயைப் பிடித்துப் பஞ்சை உருவினாள். ஆள் கூப்பிடவில்லை. கூப்பிடுகிற அளவுக்கு விளையவும் இல்லை. தினமும் வெயில் ஏறிய பிறகு இறங்கி, தனியாகவே எடுத்தாள்.

பொங்கலுக்கு வந்த தமிழ்ப்ரியா, அப்பாவுக்குத் திதி கொடுத்த மறுநாள், வீட்டில் அம்மாவைக் காணாமல் தேடிக்கொண்டு வெளியே வந்தாள். மடியைக் கட்டிக்கொண்டு காட்டு நடுவில் குனிந்து நின்றவளைப் பார்த்ததும் அவளுக்குக் கோபம் வந்தது. இந்த நான்கு சுளைப் பஞ்சுக்கு எதற்கு இந்தப் பாடு, அப்பா போட்ட பயிரின் பேரையும் கெடுத்தாகிவிட்டது, ஊரே சிரிக்கிறது என்றாள்.

ராசம்மாள் நிமிர்ந்தாள். "அளவு தெரியாம மருந்தடிக்கல, கண்ணு. பயந்துட்டு அடிச்சேன்."

தமிழ்ப்ரியாவுக்குச் சட்டென்று புரியவில்லை.

"செடி முட்டியத் தாண்டுச்சுன்னா எனக்கு அதுக்குள்ள அவரு கைதான் தெரியுது. என்ன பண்ணட்டும் சொல்லு" என்றாள் ராசம்மாள்.

மகள் வாசலுக்குத் திரும்பிப் போனாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு உள்ளே வந்து, அம்மாவுக்குப் பக்கத்து வரிசையில் எடுக்கத் தொடங்கினாள். அன்று சாயங்காலம் பஸ் ஏறும்வரை கோயம்புத்தூருக்கு வரச் சொல்லி அவள் கேட்கவில்லை. அதற்குப் பிறகும் கேட்கவில்லை.

மறு வருடம் விதைப்புக்கு முன்னால் ராசம்மாள் வேளாண்மை ஆபீஸான கிருஷி பவனுக்குப் போனாள். புதிதாக வந்திருந்த அதிகாரி சோனா ஒரு மலையாளப் பெண், ஆலப்புழைப் பக்கத்துக்காரி. பருத்தியைத் தான் புத்தகத்தில்தான் படித்திருப்பதாக வெளிப்படையாகச் சொன்னாள். ஆனாலும் விட்டுவிடவில்லை. கோயம்புத்தூரில் தெரிந்தவர்களைக் கூப்பிட்டுக் கேட்டாள். பிறகு ஒரு நாள் ஸ்கூட்டரில் காட்டுக்கே வந்தாள். போன வருடத்துச் செடியில் நடந்ததைக் கேட்டுக்கொண்டு, "சேச்சி, அந்த மருந்து ப்ரேக் மாதிரி. வண்டி ஓடும்போதுதான் பிடிக்கணும். ஈரம் இல்லாத மண்ணுல செடி முன்னமே நின்னுபோச்சு, அதைப் போய் நாம பிடிச்சா என்ன ஆகும்?" என்றாள். மண்ணில் ஈரம் இருக்க வேண்டும். சப்பை கட்டியிருக்க வேண்டும். ஒரே தடவையாகக் கொட்டாமல் சப்பையில் கொஞ்சம், பூவில் கொஞ்சம் என்று பிரித்து அடிக்க வேண்டும். செடி ஓடுகிறதா என்பதை நுனிக்குக் கீழே இருக்கிற கணுக்களின் இடைவெளி சொல்லிவிடும் என்று ஒரு வெண்டைச் செடியை வைத்துக் காட்டினாள்.

வரிசையைப் பற்றி ராசம்மாளுக்கு ஒரு யோசனை இருந்தது. இரண்டு வரிசையை நெருக்கமாகப் போட்டு, அடுத்த ஜோடிக்கு முன்னால் ஓர் ஆள் மடியில் பருத்தியோடு தாராளமாக நடக்கிற அளவுக்குத் தடம் விட்டால் என்ன என்று கேட்டாள். ஒவ்வொரு தடத்திலிருந்தும் இரண்டு பக்கத்தையும் எடுத்துக்கொள்ளலாம். செடிக்கு நடுவில் யாரும் நுழையத் தேவையில்லை. சோனா கணக்குப் போட்டுப் பார்த்து, செடி எண்ணிக்கை பழைய நடவைவிடக் குறையாது, வெயிலும் அடிவரை இறங்கும் என்றாள்.

மோகனசுந்தரத்துக்கு அது பிடிக்கவில்லை. விளைகிற மண்ணைத் தடத்துக்கு விடுவதைப் பார்த்தால் வயிறு எரிகிறது என்றான். விதைக்க மண்ணை மேடு கட்டிப் பார் ஓட்டும்போது, டிராக்டருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, "அண்ணன் இருந்திருந்தா இதுக்கு ஒத்துக்கமாட்டாருங்க, அண்ணி" என்றான்.

"ஒத்துக்கமாட்டாருதான், தம்பி" என்றாள் ராசம்மாள்.

அவன் டிராக்டர்க்காரனுக்கு அடுத்த பாரைக் கை காட்டினான். அவள் மறுத்துச் சொல்லியிருந்தால் ஏதாவது பேசியிருப்பான்.

அந்த வருடம் மழை நன்றாகப் பிடித்தது. செடி முட்டியைத் தாண்டியது. ராசம்மாளின் வேலையெல்லாம் காத்திருப்பதுதான். காலையில் எழுந்ததும் தடத்தில் நின்று பார்ப்பாள். மருந்து வாங்கி மாட்டுக் கொட்டகைப் பரணில் வைத்திருந்தாள். ஒரு நாள் எடுத்து இறக்கிவிட்டு, மறுபடி ஏற்றி வைத்தாள். நுனிக் கிளையில் மூன்று இதழ் மூடிய சின்னச் சப்பைகள் வந்தபோது சோனாவைக் கூப்பிட்டாள். அவள் வந்து பார்த்துவிட்டு, மண்ணை ஒரு பிடி எடுத்து அமுக்கிப் பார்த்து, சரி என்றாள்.

மருந்து அடிக்கும் டேங்கை மோகனசுந்தரம் தானே தோளில் மாட்டிக்கொண்டான். யாரும் அவனைக் கூப்பிடவில்லை. அண்ணன் போனதிலிருந்து, செடி நிற்கும்போது அந்தக் காட்டுக்குள் அவனும் கால் வைத்ததில்லை என்பது அவன் முதல் தடத்தின் வாயில் தயங்கி நின்றபோதுதான் ராசம்மாளுக்குத் தெரிந்தது. அவள் முன்னால் நடந்தாள். தடத்தை விட்டு விலகாமல், இரண்டு பக்கமும் அடித்துக்கொண்டு அவன் பின்னால் வந்தான். பூ எடுத்த சமயத்தில் மறுபடி ஒரு தடவை அடித்தார்கள். இலை கரும்பச்சையானது. கணுக்கள் நெருங்கின. செடிகள் இடுப்பளவில் நின்று, பக்கத்தில் கிளை விட்டு, காய் பிடிக்க ஆரம்பித்தன.

மார்கழியில் ராசம்மாள் அழகுத்தாய்க்குப் போன் செய்தாள். வருகிறேன் என்று சொன்னாளே தவிர அவள் குரலில் உறுதி இல்லை. வந்தும் உடனே இறங்கவில்லை. கூடவந்த பெண்களை வரப்பில் நிறுத்திவிட்டு, தான் மட்டும் காட்டைச் சுற்றி நடந்தாள். ஒரு தடத்தின் வாயில் குந்தி உட்கார்ந்து, கண்ணுக்கு மேலே கையை வைத்துக்கொண்டு அந்தக் கோடிவரை பார்த்தாள்.

"மண்ணு தெரியுதுங்கக்கா" என்றாள். பிறகு பெண்களைக் கையசைத்துக் கூப்பிட்டாள்.

எடுப்பு தொடங்கிய வாரத்தில் ஒரு நாள், வெயில் உச்சிக்கு வருகிற நேரம், முன்னால் போய்க்கொண்டிருந்த ஒரு பெண் நின்றுவிட்டாள். கத்தவில்லை. கையை மட்டும் பின்னால் நீட்டி, வராதே என்று காட்டினாள். தடத்தின் நடுவில், பத்துக் காலடிக்கு அப்பால், விரியன் சுருண்டு கிடந்தது. தடித்த உடம்பு, முதுகில் வரிசையாக வட்டங்கள். அழகுத்தாய் மெல்ல ஒவ்வொருத்தியாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். எல்லோரும் மடியைப் பிடித்துக்கொண்டு, வந்த வழியே பின்னுக்கு நடந்து வெளியே வந்தார்கள். யாரும் விழவில்லை, ஓடவில்லை.

பெண்கள் வெளியே வந்து கூடுவதைப் பார்த்து மோகனசுந்தரம் தடியோடு ஓடி வந்தான். அவன் தடத்துக்குள் பாயப் போனபோது ராசம்மாள் அவன் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள். அடிக்கப் போய் நீ கிட்டே போகாதே என்றாள். நிலத்தைத் தடியால் தட்டச் சொன்னாள். அவன் தட்டினான். பாம்பு சீறியது, நெடுநேரம் அசையாமல் கிடந்தது. பிறகு அவிழ்ந்து, தடத்தின் நீளத்துக்கும் ஊர்ந்துபோய், மேற்கு வேலி முட்புதருக்குள் நுழைந்தது. அது போன வழி முழுவதையும் எல்லோரும் பார்த்தார்கள்.

ராசம்மாள் வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். தண்ணீர் கொடுத்தார்கள், குடித்தாள். மோகனசுந்தரம் பக்கத்தில் வந்து உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டான். அவன் தோள் குலுங்குவது தெரிந்தது. அண்ணனுக்குக் கொள்ளி வைத்த அன்று அழாதவன் அவன். யாரும் அவனைத் தேற்ற முயலவில்லை. பெண்கள் கொஞ்சம் தள்ளிப் போய் நின்றுகொண்டார்கள்.

வெயில் சாய்ந்ததும் அழகுத்தாய் வந்து, இன்றைக்கு இதோடு விட்டுவிடலாமா என்று கேட்டாள். ராசம்மாள் எழுந்தாள். தடியை வாங்கிக்கொண்டு, அதே தடத்தில், தட்டித் தட்டி அந்தக் கோடிவரை போய்த் திரும்பி வந்தாள். அவள் திரும்பி வருவதற்குள் இரண்டு பெண்கள் மடியை இறுக்கிக் கட்டிக்கொண்டு உள்ளே இறங்கியிருந்தார்கள்.

விளைச்சல் காளிச்சாமி காலத்தைவிட அதிகம் என்று சொல்ல முடியாது, குறையவும் இல்லை. அடிக்காய் அழுகவில்லை. எல்லாக் காயும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் வெடித்ததால் எடுப்பு சீக்கிரம் முடிந்து, காய்ப்புழு பெருகுவதற்குள் காடு காலியானது. பார்க்க வருகிறவர்கள் விளைச்சலைத்தான் கேட்பார்கள். ராசம்மாள் விளைச்சலைச் சொல்லுவாள். மருந்தின் பெயரையும், ஈரமில்லாதபோது அடிக்கக் கூடாது என்பதையும் சொல்லுவாள். வேறெதுவும் சொல்லுவதில்லை. மோகனசுந்தரம் தன் காட்டில் மருந்துக்குப் போகவில்லை. நுனிக் கொழுந்தைக் கையால் கிள்ளிவிடுகிறான். ஆனால் தடம் விட்டிருக்கிறான்.

இந்த வருடம் ஐப்பசி அடைமழை. இரண்டு தடவை அடித்த பிறகும் செடி நிற்கவில்லை. ராசம்மாளின் விலா உயரத்துக்கு வந்துவிட்டது. மோகனசுந்தரம் ஒரு காலையில் வந்து பார்த்துவிட்டு, கொழிஞ்சாம்பாறைக்குப் போகிறேன், இன்னொரு தடவைக்கு மருந்து வாங்கி வரட்டுமா என்று கேட்டான். அவள் தடத்துக்குள் நடந்தாள். ஈரச் செடிகள் இரண்டு பக்கமும் புடவையில் உரசின. நடுவில் நின்று கீழே பார்த்தாள், முன்னால் பார்த்தாள்.

"வேண்டாந் தம்பி. இருந்துட்டுப் போகட்டும், தடம் அகலமாத்தான இருக்குது" என்றாள்.